வெள்ளை நகரத்தில் குடியேறும் முன்: புதுச்சேரிப் பழைய வீடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளை நகரம் என்பது எதுவரை?

கிழக்கே கடற்கரைச் சாலை, மேற்கே பெரிய வாய்க்கால். நடுவில் இருப்பதுதான் ஒயிட் டவுன். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி, செயின்ட் லூயி வீதி எல்லாம் இதற்குள் வரும். வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. புரோக்கர்கள் வாய்க்காலுக்கு மேற்கே நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டையும் ‘ஒயிட் டவுன்’ என்றே சொல்லி விலை வைப்பார்கள். முதல் கேள்வியாக, “வாய்க்காலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டுவிடுங்கள்.

“முன்னூறு வருஷத்து வீடு” என்கிறார்களே, நம்பலாமா?

வேண்டாம். 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் பிரெஞ்சுப் பகுதியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கைக்கு வந்த பிறகுதான் பிரெஞ்சுக்காரர்கள் பழைய தெருக்கோட்டிலேயே மறுபடி கட்டினார்கள். இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதற்கும் பிந்தியவை. வயதைவிட முக்கியமானது கடைசியாக யார், எதை வைத்து ரிப்பேர் செய்தார் என்பது. 1980-க்குப் பிறகு சிமென்ட் பூசிய 150 வயது வீட்டைவிட, யாரும் தொடாமல் விட்ட 200 வயது வீடு நல்ல நிலையில் இருப்பது இங்கே சகஜம்.

வாடகைக்கு இருப்பதா, வாங்குவதா?

முதலில் வாடகை. அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு மழைக்காலமாவது அதே தெருவில் கழிய வேண்டும். பிப்ரவரி மாதத்து மாலையில் காகிதப்பூ தொங்கும் மஞ்சள் சுவரைப் பார்த்து முன்பணம் கொடுத்தவர்கள் நவம்பரில்தான் வீட்டைப் பார்க்கிறார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் தண்ணீர் எந்த வாசல்வரை வந்தது என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுக் காவலாளியிடமும் முனையில் இஸ்திரி போடுபவரிடமும் கேளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

ஒரு டார்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு ஏணி. ஏணிதான் முக்கியம். இந்த வீடுகளில் கூரை 4 மீட்டருக்கு மேல் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

கூரையைத் தாங்கும் தேக்குக் கட்டைகள் சுவருக்குள் நுழையும் முனையை முதலில் பாருங்கள். கட்டை நடுவில் உளுத்தால் தொய்வு காட்டிக்கொடுத்துவிடும். முனையில் உளுத்தால் வெளியே தெரியாது. ஸ்குரூ டிரைவர் நுனியை வைத்து அழுத்தினால் நல்ல தேக்கில் 2 மி.மீ. கூட இறங்காது. அப்பளம்போல் நொறுங்கி உள்ளே போனால் அந்தக் கட்டையை மாற்றியாக வேண்டும். ஒரு அறையில் மூன்று நான்கு கட்டைகள் அப்படி இருந்தால் அது கூரை வேலை. விலை பேசும்போது அதைக் கழித்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து, பீரோவுக்குப் பின்னால். புதிதாக வெள்ளையடித்த வீடாக இருந்தாலும் பீரோவை யாரும் நகர்த்தியிருக்க மாட்டார்கள். அந்தச் சுவரைக் கையால் தடவுங்கள். விரலில் வெள்ளை மாவு ஒட்டினால், நாக்கில் வைத்துப் பார்த்தால் கரித்தால், உப்பு ஏறியிருக்கிறது.

பிறகு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் இருக்கிறதா, மழைநீர்க் குழாய்கள் எத்தனை, அதில் எத்தனை அடைத்திருக்கின்றன, அரசங்கன்று எங்கே முளைத்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இலை விட்ட கன்றை மழை ஈரத்தில் கையால் பிடுங்கிவிடலாம். பென்சில் தடிமன் வந்துவிட்டால் வெட்டிப் பயனில்லை, காரையைப் பிரித்து வேரை எடுக்க வேண்டும்.

சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பூச்சு உதிர்ந்துகொண்டே இருக்கிறது. மூன்று முறை பூசியாயிற்று. ஏன் நிற்கவில்லை?

மூன்று முறையும் சிமென்ட் பூசியிருப்பீர்கள். இங்கே வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்த்துக் கட்டியவை. அடியில் ஓதம், அதாவது தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணின் ஈரம் உப்போடு சேர்ந்து செங்கல்லில் ஏறும். கடல் இருநூறு முந்நூறு மீட்டரில் இருக்கும்போது ஏறாமல் எப்படி இருக்கும்? சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். தண்ணீர் ஆவியாகி உப்பு மேற்பரப்பில் பூக்கும், துடைத்தால் போய்விடும். சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது சிமென்ட்டுக்குப் பின்னாலேயே மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளியே வரப் பார்க்கும். அதனால்தான் ஒரு மீட்டரில் இருந்த ஓதம் அடுத்த ஆண்டு ஒன்றரை மீட்டரில் தெரிகிறது. உள்ளே சிக்கிய உப்பு படிகமாகிப் பருக்கும்போது செங்கல்லின் முகமே பொடியாக உதிரும். சிமென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் இருக்கும் செங்கல்தான் கரைகிறது.

வேலை இப்படி நடக்க வேண்டும். ஜனவரியில் தொடங்குங்கள். சிமென்ட் பூச்சை ஓதக் கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை முழுவதும் செதுக்கி எடுங்கள். செங்கல் இடுக்குகளில் பொடியான காரையை 2 செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பிறகு சும்மா விடுங்கள். இரண்டு மூன்று மாதம் வெறும் செங்கல்லாகக் காய வேண்டும். இதற்குப் பொறுமையில்லாமல்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உப்பு பூக்கப் பூக்க உலர்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததை முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

காய்ந்த பிறகு சுண்ணாம்புப் பூச்சு. தண்ணீரில் போட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் குறைந்தது மூன்று வாரம் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. முதல் பூச்சு 10 முதல் 12 மி.மீ., ஒரு வாரம் இடைவெளி விட்டு மெல்லிய இரண்டாம் பூச்சு. ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஏழு நாளாவது வெயில் நேரே படாமல் காக்க வேண்டும். கொத்தனார் “பிடிப்புக்குக் கொஞ்சமா ஒரு பிடி சிமென்ட்டு சேத்துக்கலாம் சார்” என்பார். அந்த ஒரு பிடிக்கும் சம்மதிக்காதீர்கள்.

இவ்வளவு செய்தும் சில ஆண்டுகளில் அந்தக் கீழ்ப்பகுதிப் பூச்சு மறுபடி பொரியும். அது தோல்வி இல்லை. செங்கல்லைக் காப்பாற்றத் தன்னைத் தேய்த்துக்கொள்வதுதான் அந்தப் பூச்சின் வேலை. உதிர்ந்தால் திரும்பப் பூசிக்கொள்ள வேண்டியதுதான்.

சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றலாமா?

இடம் இருந்தால் நீற்றலாம். தொட்டியில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்ட சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் அருகில் விடாதீர்கள்.

வெளிச்சுவருக்கு நல்ல கம்பெனி எமல்ஷன் அடித்தால் என்ன?

மேலே சொன்ன அதே கதைதான், மெல்லிய பிளாஸ்டிக் தோலாக. மழை முடிந்ததும் தோசை உப்புவதுபோல் அங்கங்கே கொப்புளம் கட்டி உரியும். சுண்ணாம்புப் பால் மூன்று கை அடிப்பதே சரி. ஒவ்வொரு கையும் பால்போல் நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக ஒரே கையில் அடித்தால் பொருக்கு விடும். அந்தப் புகழ்பெற்ற மஞ்சளுக்கு மஞ்சள் காவி போதும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குவது மண் நிறங்கள்தான். மற்ற சாயங்கள் வெளுத்துவிடும். எடையில் சுண்ணாம்பின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறம் போனால் கையில் ஒட்டும். சாம்பல் நிறமும் வெள்ளையும் அடித்த வீடுகள் பெரும்பாலும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கட்டடங்கள். அந்த நிறத்தை நீங்களும் அடித்தால் தினமும் யாராவது வந்து சமாதிக்கு வழி கேட்பார்கள்.

மெட்ராஸ் டெரஸ் ஒழுகுகிறது. மேலே கான்கிரீட் போட்டுவிடலாமா?

அந்தக் கூரையின் அடுக்குகளைத் தெரிந்துகொண்டால் விடை தானே வரும். ஏறக்குறைய 45 செ.மீ.க்கு ஒரு தேக்குக் கட்டை. அதன்மேல் மெல்லிய சிறு செங்கல்லைச் சாய்வாக, குத்துக்கல்லாக வைத்துச் சுண்ணாம்பில் பதித்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம். உச்சியில் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடு.

10 செ.மீ. கான்கிரீட் போட்டால் சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ கூடுகிறது. 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறை என்றால் 6 டன். நூறு ஆண்டுக்கு மேல் உழைத்த கட்டைகளின் தலையில் ஒரு லாரிச் சுமை. தார் ஷீட் ஒட்டுவதும் உதவாது. கீழே சிக்கும் ஈரம் கட்டையின் முனையில்தான் போய் நிற்கும்.

பெரும்பாலும் ஒழுகல் தளத்தின் நடுவில் இருக்காது. கைப்பிடிச் சுவர் மூலையிலும் மழைநீர்க் குழாய் வாயிலும்தான் இருக்கும். உடைந்த தட்டோடுகளை மட்டும் எடுத்து, அடியில் இருக்கும் பழைய காரையைச் சுரண்டி, சுண்ணாம்புக் காரையில் புதிய தட்டோடு பதியுங்கள். குழாய் வாய்க்குச் சரிவு இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வடியாமல் தேங்கினால் சரிவைச் சரிசெய்யாமல் எதைப் பூசியும் பயனில்லை. உளுத்த கட்டையை மாற்றப் புது மரம் தேட வேண்டாம். பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்கிய தேக்கு இனி வளையாது, சுருங்காது.

மழைக்கு வலுவான கட்டடம்கூடத் தப்பாது என்பதற்கு ஊரே சாட்சி. கடற்கரைச் சாலையில் 1870-களில் எழும்பிய மேரி (நகராட்சி) கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது பழைய முகத்தோடு புதிதாகக் கட்டி 2021-ல் திறந்தது.

சின்டெக்ஸ் தொட்டியை எங்கே வைப்பது?

1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டன். அறையின் நடுக்கூரையில் வைக்கவே கூடாது. இரண்டு சுவர்களுக்குக் குறுக்கே இரும்பு உத்திரம் போட்டு, தளத்தைத் தொடாமல் ஒரு அடி மேலே நிற்க வேண்டும். தொட்டி வழிந்தால் கண்ணுக்குத் தெரியவும் அந்த இடைவெளி வேண்டும். தெரியாமல் ஒரு மாதம் சொட்டும் தொட்டி ஒரு புயலைவிட அதிகம் கெடுக்கும்.

கிணற்று நீர், போர் நீர் குடிக்கலாமா?

குளிக்கவே யோசிக்க வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உவர்ப்பு. இது புதிய குறையும் இல்லை: பாரதி பூங்கா நடுவே நிற்கும் ஆயி மண்டபமே முத்திரையர்பாளையத்திலிருந்து இந்தப் பகுதிக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாக எழுப்பியதுதான். சமையலுக்கும் சுண்ணாம்புக் கலவைக்கும் நகராட்சிக் குழாய்த் தண்ணீரையே எடுங்கள். உப்புத் தண்ணீரில் குழைத்த காரை முதல் நாளிலிருந்தே நோயாளி.

ஏசி, ஃபேன், வயரிங்?

5×5 மீட்டர் அறை, 4.5 மீட்டர் உயரம் என்றால் 112 கன மீட்டர் காற்று. 3 மீட்டர் உயர ஃபிளாட்டில் அது 75. கடைக்காரர் சதுர அடியைக் கேட்டு ஏசி சொல்வார். உயரத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். வெளியே மாட்டும் யூனிட்டைக் கடற்காற்று அரிக்கும். கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் முற்றத்துப் பக்கம் மாட்டி, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஃபேனுக்கு ஒன்றரை மீட்டருக்கு மேல் கம்பி வேண்டியிருக்கும். கொக்கி தேக்குக் கட்டையில் இறங்க வேண்டும், கட்டைக்கு நடுவில் இருக்கும் செங்கல்லில் அல்ல. உண்மையில் மேல்கீழாக எதிரெதிரே இருக்கும் மரச்சட்ட ஜன்னல்களைத் திறந்து பழகினால் பல மாதங்களுக்கு ஏசி தேவைப்படாது.

வயரிங் சுவர்மேல் குழாயில் ஓடட்டும். சுவரை வெட்டிப் புதைக்க வேண்டாம். எர்த் கம்பி இல்லாத பழைய வயரிங் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. ஈரச் சுவரும் எர்த் இல்லாத வயரும் சேர்ந்தால் உயிர்ச்சேதம். குடியேறும் முன்பே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டுவிடுங்கள்.

இரும்புக் கம்பி, கீல் எல்லாம் ஆறே மாதத்தில் துருப்பிடிக்கிறது.

பித்தளை போடுங்கள். துருப்பிடிக்காத ஸ்டீல் என்றால் 316 ரகம். 304 இங்கே பழுப்பேறும். சுவருக்குள் பதித்த இரும்பு துருப்பிடிக்கும்போது பருத்துக் காரையையே பிளந்துவிடும், ஜன்னல் ஓர விரிசல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

என்ன அனுமதி வேண்டும்?

காரை பூசுவதற்கும் தட்டோடு மாற்றுவதற்கும் யாரும் கேட்க மாட்டார்கள். முகப்பை மாற்றுவது, மாடி எழுப்புவது, இடிப்பது என்றால் புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தின் அனுமதி வேண்டும். பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் அதற்கான ஆலோசனைக் குழுவின் முன்னும் போகும். இன்னொன்றும் உண்டு: உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். வெள்ளை நகரத்தின் பெரும்பகுதி அந்த 500 மீட்டருக்குள்தான். வரைபடம் போடும் முன்பே பழைய கட்டட வேலை தெரிந்த ஆர்க்கிடெக்ட்டிடம் போங்கள். இந்த ஊரில் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு பல ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறது. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

பத்திரத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

தாய்ப்பத்திரம் பிரெஞ்சில், நோத்தேர் (பத்திரம் எழுதிப் பதியும் பிரெஞ்சு அதிகாரி) முன் எழுதியதாக இருக்கலாம். மொழிபெயர்த்துப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தாலும் வாரிசுக் கணக்கில்தான் சிக்கல் வரும். 1881-ம் ஆண்டு ஆணையின்படி மதம், சாதி சார்ந்த தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்த ‘ரெனோன்சான்’ குடும்பங்களுக்கு வாரிசுரிமையில் பிரெஞ்சு சிவில் சட்டம் பேசும். அந்தச் சட்டத்தில் பிள்ளைகளை உயிலால் ஒதுக்க முடியாது: ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு, மூவரோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்குப் போயே தீரும். “எல்லாம் பெரியவருக்கே உயில் எழுதிட்டாங்க” என்று விற்பவர் சொன்னால், மற்ற பிள்ளைகள் பாரிஸிலோ மார்செய்யிலோ இருக்கிறார்களா என்று கேளுங்கள். எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பிரான்சிலிருந்து வரும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியிருக்க வேண்டும்.

விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் வழக்கமான 1 சதவீத வரிப்பிடித்தம் செல்லாது. அதைவிடப் பல மடங்கு அதிகம் பிடிக்க வேண்டிய பொறுப்பு வாங்குபவருடையது. ஆடிட்டர் இல்லாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

சத்தம், கூட்டம் எப்படி?

சனி, ஞாயிறு தெரு உங்களுடையது இல்லை. ஜூலை 14, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 31 ஆகிய நாட்களில் காரை வெளியே எடுக்கவே திட்டமிடாதீர்கள். கடற்கரைச் சாலையில் மாலை 6 முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் போக முடியாது. அந்தச் சாலையிலேயே வாசல் உள்ள வீட்டை வாங்கும் முன் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும். பக்கத்து வீடு உணவகமா, மாடியில் மதுக்கூடமா என்று சனிக்கிழமை இரவு 11 மணிக்கு வந்து நின்று கேளுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் சட்ட வரம்பு. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே 40. அரசுப் பொது மருத்துவமனை இந்தப் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. புகார் எழுதும்போது இந்த எண்களைக் குறிப்பிட்டு எழுதினால் மதிப்பு வேறு.

வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

எடுப்பார்கள். கல்யாண போட்டோகாரர்கள் காலை 6 மணிக்கே வந்துவிடுவார்கள். வாசலில் காகிதப்பூவுக்குப் பதில் நந்தியாவட்டை வைத்தால் பாதிப் பேர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இதே காசுக்குத் தமிழர் பகுதியில் வாங்கினால்?

குடியிருக்க என்றால் பலருக்கு அதுவே மேல். பிரெஞ்சு வீடு தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டும். தமிழ் வீடு தாழ்வாரமும் திண்ணையும் காட்டும். உள்ளே முற்றம், கொல்லை, நடந்து போகும் தூரத்தில் பெரிய மார்க்கெட். கீழ்த்தளம் தமிழ்ப் பாணியும் மேல்தளம் பிரெஞ்சுப் பாணியுமாகக் கலந்த வீடுகள் வேறெங்கும் இந்த அளவுக்குக் கிடைக்காது. வைசியாள் வீதியில் முகப்புகளைப் புதுப்பித்த வேலைக்கு 2008-ல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை எப்படிக் கண்டுபிடிப்பது?

“சுண்ணாம்பு வேலை தெரியுமா?” என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். “நீத்துன சுண்ணாம்ப எத்தன நாள் ஊறப் போடுவீங்க?” என்று கேளுங்கள். “நாளைக்கே பூசிடலாம்” என்பவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாரக்கணக்கு சொல்பவரிடம் கொல்லைச் சுவரில் ஒரு சதுர மீட்டர் மட்டும் பூசச் சொல்லி, ஒரு மாதம் கழித்துச் சாவியால் கீறிப் பாருங்கள். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் முகப்பு வேலையைக் கொடுக்கலாம். மணலாக உதிர்ந்தால் அந்த ஒரு சதுர மீட்டரோடு போகட்டும்.